பனி இல்லை, கூலன்ட்: தலவாக்கலையில் ஒழுகிய ஒரு லிக்குயிட் கூலர்

லிக்குயிட் கூலர், அதாவது கூலன்ட் என்ற திரவத்தைச் சுற்றவிட்டு ப்ரொசசரின் சூட்டை ஆற்றும் கருவி, வைத்த கொம்பியூட்டர் என்றாலே எல்லாரும் பயப்படுவது ஒழுகலுக்குத்தான். இந்த வீட்டுக் கொம்பியூட்டரிலும் ஒழுகல் இருந்தது, கிராபிக்ஸ் கார்டின் முதுகில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய்க் கிடந்தது. ஆனால் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த பிறகு நான் சொல்வது, ஒழுகல் கடைசியாக வந்தது என்பதுதான். அதற்குப் பல மாதம் முன்பிருந்தே அந்தக் கூலர் தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது, அடையாளமும் காட்டியிருக்கிறது. அதையெல்லாம் குளிர், மூடுபனி, ஈரக்காற்று என்று நம்ம மலைநாட்டு வானிலையின் தலையில் கட்டிவிட்டார்கள். ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்தும் வேலையில் இதே கதையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலரிடம் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

வீடு தலவாக்கலைக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்குக் கூடுதலான உயரத்தில். அந்த வீட்டுத் தம்பி ஒருவர் கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ எல்லாம் எடிட் செய்து கொடுக்கிறவர், குடும்பத்தின் வருமானமே அந்தக் கொம்பியூட்டரில்தான். 2021இல் கொழும்பில் ஒரு கடையில் பொருத்தி வாங்கியது. ரைசன் 9 5900எக்ஸ் ப்ரொசசர், அதற்கு 240 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடு வரும் ஏஐஓ, அதாவது பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடி வரும் வகை. ரேடியேட்டரை கேஸின் முன்பக்கத்தில் பொருத்தியிருந்தார்கள்.

முதல் அடையாளம் சத்தம். காலையில் போட்டதும் சின்ன ஓடையில் தண்ணீர் போவதுபோல ஒரு சலசலப்பு, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடுத்தது, முன்னால் ஒரே இரவில் முடிந்த ரெண்டரிங், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கி எடுக்கும் வேலை, விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் பாதி வேலையில் தானாக அணைய ஆரம்பித்தது. ஒரு இடத்தில் காட்டியதற்கு, ப்ரொசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று புதிதாகப் பூசிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகும் சூடு குறையவில்லை. கடைசியில் ஒரு நாள் திரையில் கோடு கோடாக விழுந்து படமே வராமல் போனது. கேஸின் பக்கக் கதவைக் கழற்றியபோதுதான் கார்டின் மேலே இருந்த பூப்பைக் கண்டார்கள்.

அது மூடுபனியால் வந்தது என்று தம்பியின் அம்மா உறுதியாகவே சொன்னார்: "ஜன்னலைத் தெறந்து வச்சா மூடுபனி அப்படியே உள்ள வந்துரும் தம்பி, சுவரெல்லாம் வேர்க்குது, இதுக்குள்ள மட்டும் போகாதா?" சுவர் வேர்ப்பது உண்மை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இந்தப் பக்கம் காயப்போட்ட துணி நாள்கணக்கில் காயாது. அதனால் அவர் சொன்னதை ஒதுக்கிவிடாமல் அதையே முதலில் சோதித்துப் பார்த்தேன்.

ஒரு பொருளின் மேல் பனித்துளி கட்ட வேண்டுமானால் அந்தப் பொருள் சுற்றியுள்ள காற்றின் பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குளிராக இருக்க வேண்டும். அறை 16 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பனிநிலை 14 டிகிரியைக் கொஞ்சம் தாண்டி வரும். லிக்குயிட் கூலரில் ஓடும் திரவம் அறைக் காற்றால்தான் ஆறுகிறது, எனவே அது அறையின் சூட்டுக்குக் கீழே போகவே முடியாது. வேலை நடக்கும்போது சாதாரணமாக அறையைவிடப் பத்து, பதினைந்து டிகிரி கூடத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ்போல குளிர்விக்கும் கருவி வைத்தவர்களுக்குத்தான் குழாய் வேர்க்கும் பிரச்சினை, சாதாரண ஏஐஓவில் அது கிடையாது. இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த கொம்பியூட்டர் மேல் காலையில் அடுப்படியிலிருந்து சூடான ஈரக்காற்று அடித்தால் கொஞ்ச நேரம் வேர்க்கலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்படி வேர்த்தால் இரும்புச் சட்டம், ஃபேன், கதவு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி படியும், காய்ந்தால் பிசுபிசுப்பு இருக்காது. இங்கே பூப்பு ஒரு கோடாக இறங்கியிருந்தது. பம்பில் குழாய் சேரும் திருகு மூட்டுக்கு அடியில் தொடங்கி, மதர்போட்டில் வழிந்து, கார்டின் முதுகில் வந்து தேங்கியிருந்தது. விரலில் பட்டால் ஒட்டியது. கையுறையோடு தொடுங்கள், அது கிளைக்கோல்.

இந்தக் கூலர்களில் ஓடுவது வெறும் தண்ணீர் இல்லை. தண்ணீரோடு புரோப்பிலீன் அல்லது எத்திலீன் கிளைக்கோல், துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து, பாசி பிடிக்காமல் இருக்க இன்னொன்று. தண்ணீர் ஆவியாகிப் போனபின் மிஞ்சுவதுதான் அந்தப் பிசுபிசுப்பும் வெள்ளையும். செம்பு அரிபடும் இடத்தில் பச்சை. பனிக்கு அப்படி எதையும் விட்டுப்போகத் தெரியாது.

ஒழுகல் எங்கே என்று தெரிந்தது. ஆனால் சூடு ஏன் மாதக்கணக்காக ஏறிக்கொண்டு வந்தது என்பதற்கு அது மட்டும் பதில் ஆகவில்லை. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, மூட்டைத் துடைத்து, அடியில் டிஷ்யூ வைத்துக் கட்டி, இன்னொரு பழைய கார்டோடு கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டேன். பயோஸில், அதாவது கொம்பியூட்டரைப் போட்டதும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில், பம்பின் வேகம் சரியாகக் காட்டியது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் "பம்ப் நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்றுதான் சொல்லும், திரவம் போகிறதா என்று சொல்லாது. காற்றில் சுற்றினாலும், அடைபட்ட வழியில் சுற்றினாலும் எண் வரும். அதனால் இரண்டு குழாய்களையும் கையால் பிடித்துப் பாருங்கள். திரவம் ஒழுங்காக ஓடினால் இரண்டுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அது வேகமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. இங்கே ஒரு குழாய் நல்ல சூடு, மற்றது அறையின் குளிரிலேயே இருந்தது. ப்ரொசசரோ எந்த வேலையும் கொடுக்காமலே எண்பதை நோக்கி ஏறியது. உடனே நிறுத்திவிட்டேன்.

வொரண்டி முடிந்துபோன சாமான் என்பதால் தம்பியிடம் கேட்டுக்கொண்டு கூலரையே பிரித்தோம். உள்ளே செம்புத் தட்டில் நெருக்கமாக வெட்டிய நுண்ணிய தகடுகள் இருக்கும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளிகளில் பாதிக்கு மேல் சாம்பல் நிறக் களிம்பு அடைத்திருந்தது. திரவமும் குறைந்திருந்தது, ஒழுகியிருக்கக்கூடிய அளவைவிடக் கூடுதலாகவே.

இதற்குள் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. ஒன்று, ரப்பர் குழாயின் சுவர் வழியாகவே தண்ணீர் மூலக்கூறுகள் மெல்ல வெளியே போய்விடும். ஓட்டை எதுவும் தேவையில்லை, அது ரப்பரின் குணம். எல்லா ஏஐஓவிலும் இது நடக்கிறது, தயாரிப்பாளர்களுக்கும் தெரியும், அதை எதிர்பார்த்தே கொஞ்சம் கூடுதலாக நிரப்பி அனுப்புகிறார்கள். தண்ணீர் போகப் போக அந்த இடத்தில் காற்று. மலை ஏறும் லொறியின் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கினிகத்தேனையில் நிறுத்தி மூடியைத் திறந்து ஊற்றிக்கொள்ளலாம், பெரும்பாலான ஏஐஓக்களில் அப்படி ஊற்ற மூடியே கிடையாது. இரண்டாவது, ப்ரொசசர் மேல் உட்காருவது செம்பு, ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு வேறு உலோகம் ஒரே திரவத்தில் நனைந்திருந்தால் அலுமினியம் அரிபடத் தொடங்கும், அதைத் தடுக்கத்தான் அந்த மருந்து. மருந்து வலுவிழந்ததும் அரிபட்டது எல்லாம் களிம்பாகச் சுற்றி வந்து, கிடைக்கிற குறுகலான இடத்தில் தங்கும். சுற்றிலேயே ஆகக் குறுகலான இடம் அந்தத் தகடுகளின் இடைவெளிதான்.

சலசலப்புக்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. சுற்றின் ஆக உயரமான இடத்தில் காற்று போய்ச் சேரும். ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட நல்ல உயரத்தில் இருந்தால் காற்று அங்கேயே தங்கிவிடும், பம்புக்குத் தொந்தரவு இல்லை. இந்தக் கேஸில் முன்பக்க ரேடியேட்டரைக் கீழே தள்ளிப் பொருத்தியிருந்ததால் அதன் மேல்முனை பம்பின் மட்டத்தைத் தாண்டவே இல்லை. திரவம் நிறைய இருந்த காலத்தில் அது தெரியவில்லை. குறைந்த பிறகு காற்றுக் குமிழி நேரே பம்புக்குள் வந்திருக்கிறது. பம்பின் அச்சுக்கு வழவழப்பு கொடுப்பதும் அதே திரவம்தான், அது இல்லாமல் சுற்றினால் தேயும். ரேடியேட்டரை கேஸின் கூரையில் மாட்டியிருந்தால் இந்தக் கூலர் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருக்கும் என்பது என் கருத்து. பொருத்துகிறவர் திருகு முடுக்குகிற அதே நேரத்தில் செய்துவிடக்கூடிய காரியம் அது.

ஒழுகிய மூட்டுக்கு வருவோம். குழாய் திரும்பக்கூடிய மூட்டு அது, உள்ளே ஒரு ரப்பர் வளையம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ரப்பர் இறுகிப்போகும். இந்தக் கூலரின் குழாய் கிராபிக்ஸ் கார்டைத் தவிர்க்க வேண்டி இறுக்கமாக வளைக்கப்பட்டிருந்தது, எல்லா இழுவையும் அந்த ஒரு மூட்டில். ரேடியேட்டரைத் தள்ளிப் பொருத்தியதன் விளைவுதான் இதுவும்.

இதெல்லாம் மலிவான கூலருக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் 2004இல் பவர் மேக் ஜி5இன் வேகமான மொடலுக்கு லிக்குயிட் கூலிங் வைத்தது, சில வருடத்தில் அவற்றில் பல ஒழுகி, கீழே இருந்த பவர் சப்ளை வரைக்கும் அரித்தன. 2021இல் எம்எஸ்ஐ தன் கோர்லிக்குயிட் வரிசையில் சில கூலர்களில் படிவு அடைப்பதை ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. 2022இல் ஆர்க்டிக், லிக்குயிட் ஃப்ரீசர் 2 கூலர்களின் ரப்பர் அடைப்பில் மிஞ்சியிருந்த கந்தகம் செம்புத் தட்டை அரிப்பதாக அறிவித்து, மாற்றுவதற்கான சாமான்களை இலவசமாக அனுப்பியது. வெளிப்படையாகச் சொல்லி மாற்றிக் கொடுத்ததை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அறிவிப்பு தலவாக்கலையில் கொம்பியூட்டர் வைத்திருக்கிற ஒருவரின் காதுக்கு எப்படி வந்து சேரும்? நீங்கள் ஏஐஓ வைத்திருந்தால் அதன் மொடல் பெயரைப் போட்டு இணையத்தில் ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஒழுகினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே கார்ட் போனதற்குக் காரணம் ஒழுகல் மட்டும் இல்லை. கூலன்ட் மின்சாரம் கடத்தாது என்று பெட்டியில் போட்டிருக்கலாம். புதிதாக இருக்கும்போது பெரிய அளவில் கடத்தாது என்பது சரிதான், ஆனால் உலோக அரிப்பும் போர்டில் கிடக்கும் தூசியும் கலந்த பிறகு நன்றாகவே கடத்தும். அப்புறம், கொம்பியூட்டரை அணைத்துவிட்டால் உள்ளே கரண்ட் இல்லை என்று நினைப்பதும் தவறு. பிளக் சுவரில் இருந்து சுவிட்ச் போட்டிருக்கும்வரை பவர் சப்ளை 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், கிராபிக்ஸ் கார்ட் செருகும் பள்ளத்திலும் 3.3 வோல்ட் ஒரு முனையில் நிற்கும். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு கரைந்து ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு மெல்லிய இழையாக வளரும். இரவெல்லாம், யாரும் தொடாமலே. இந்தக் கார்டில் அரிப்பு அதிகமாக இருந்தது சரியாக அந்த முனைகளைச் சுற்றித்தான். திரையில் முதல் கோடு விழுந்த பிறகும் அணைத்து அணைத்துப் போட்டு ஒரு வேலையை முடிக்கப் பார்த்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர் கேட்கும்போது வேறு வழி இல்லை, எனக்குப் புரிகிறது. இருந்தாலும் சந்தேகம் வந்த உடனே பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றியிருந்தால் கார்டைக் காப்பாற்றியிருக்கலாம்.

உயிராபத்து இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். உள்ளே ஓடுவது பெரும்பாலும் 12 வோல்ட், அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆபத்து பவர் சப்ளைக்குள் திரவம் இறங்கினால்தான், அங்கே 230 வோல்ட் இருக்கிறது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா, பிளக் பேஸில் எர்த் உண்மையிலேயே இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய லயன் வீடுகளில் ஒரு வயரை இழுத்து இழுத்து அறை அறையாகக் கொடுத்திருப்பார்கள், அங்கே இதை ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் இந்த மாதிரிக் கொம்பியூட்டர் வைக்கவே கூடாது.

சரி, மலைநாட்டில் லிக்குயிட் கூலர் தேவையா? உயரம் கூடினால் காற்று மெலியும். நுவரெலியாவில், 1,868 மீட்டரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்குதான், ஃபேன் ஒரு சுற்றில் தள்ளும் காற்றும் அந்த அளவுக்கு இலேசாக இருக்கும். அதனால் இங்கே காற்றுக் கூலர் எடுபடாது, தண்ணீர்தான் சரி என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியில்லை. லிக்குயிட் கூலரின் ரேடியேட்டரும் அதே மெலிந்த காற்றில்தான் ஆறுகிறது, பாதிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். மறுபக்கம், கொழும்பில் 30 டிகிரியில் இருக்கும் அறை இங்கே 16, 18 டிகிரியில் இருக்கிறது. மெலிந்த காற்றால் இழப்பதைவிட இந்தக் குளிரால் கிடைப்பது அதிகம். காசு கொடுத்தாலும் கொழும்புக்காரருக்குக் கிடைக்காத வசதி இது, நாம் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

5900எக்ஸ் ப்ரொசசர் முழு வேகத்தில் 142 வொட் வரை இழுக்கும், 90 டிகிரி அதன் எல்லை. அந்தச் சூட்டை ஆறு வெப்பக்குழாயும் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் தாராளமாக எடுக்கும். தம்பிக்கு அதைத்தான் பொருத்தினேன், வாங்குவதற்கு முன் கேஸின் அகலத்தையும் ரெம் மெமரிப் பலகைகளின் உயரத்தையும் அளந்துகொண்டு. இப்போது ரெண்டரிங் ஓடும்போது எழுபது டிகிரியைச் சுற்றி நிற்கிறது, பழைய கூலர் நல்லாக இருந்த காலத்திலும் அவ்வளவுதான் என்று தம்பியே சொன்னார். வெப்பக்குழாய்க்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் சில துளி, செம்புக்குள்ளேயே அடைத்து மூடியது, பம்ப் இல்லை, ரப்பர் இல்லை. ஃபேன் நின்றால் ப்ரொசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும், ஹட்டனிலேயே ஒரு ஃபேன் வாங்கி மாட்டிவிடலாம். பம்ப் நின்றால் நிமிடத்தில் கொம்பியூட்டர் அணையும், மாற்றுச் சாமானுக்குக் கொழும்பு போகணும்.

காற்றுக் கூலருக்கும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்கிறேன். பெரிய கூலர் ஒரு கிலோவுக்கு மேல் கனம், மதர்போட்டில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். கித்துல்கலை வளைவுகளில் வேனில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தால் போர்ட் வளையலாம், பிடி தெறிக்கலாம். மதர்போட் கீழே படுத்த மாதிரி கேஸைக் கிடத்தி, சுற்றி மெத்தை வைத்து எடுத்து வாருங்கள். ஏஐஓ வைத்ததைக் கிடத்திக் கொண்டுவந்தாலும் பரவாயில்லை, ஆனால் வீட்டில் நிமிர்த்தி வைத்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு, பிறகு சுவிட்ச் போடுங்கள், குமிழி மேலே ஏறட்டும்.

கோர் ஐ9 13900கே மாதிரி 253 வொட் வரை இழுக்கும் ப்ரொசசரை நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு 360 மில்லிமீட்டர் ஏஐஓ வேண்டும் என்றால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதை நிரந்தரச் சாமானாக நினைக்காமல் பெட்டரிபோல ஆயுள் குறித்த சாமானாக வாங்கணும். பம்புக்கு 50,000 மணித்தியாலம், 70,000 மணித்தியாலம் என்று போட்டிருப்பார்கள். 50,000 என்பது நிறுத்தாமல் ஓடினால் ஐந்தே முக்கால் வருடம் போல வரும். அது பம்பின் சராசரிக் கணக்கு, ரப்பரின் வயதோ மருந்தின் வயதோ அதில் இல்லை. வொரண்டி எத்தனை வருடமோ அத்தனை வருடத்தில் மாற்றிவிடுவேன் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள், அதற்கான காசையும் கூலரின் விலையோடு சேர்த்துப் பாருங்கள். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது நமக்கு மறந்திருக்காது. வாங்கிய விலையில் மாற்றுச் சாமான் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. கடையில் இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கூலர் ஒழுகி மற்றச் சாமான் கெட்டால் வொரண்டி அதையும் சேர்க்குமா? சில நிறுவனங்கள் சேர்க்கின்றன, இங்கே விற்கிறவர் அதை ஏற்பாரா என்பது வேறு கேள்வி. தம்பியின் பில்லில் கூலரின் பெயர்கூடச் சரியாக எழுதப்படவில்லை.

ஏற்கெனவே ஏஐஓ வைத்திருக்கிறவர்கள், புதிதாக இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட வேலையை ஓடவிட்டு ப்ரொசசர் சூட்டையும் அறையின் சூட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை அதே வேலையை ஓட்டிப் பாருங்கள். அறை அதே குளிரில் இருந்தும் ப்ரொசசர் எட்டு, பத்து டிகிரி கூடியிருந்தால், தூசியைத் தட்டிய பிறகும் இறங்காவிட்டால், கூலர் தேய்கிறது என்று அர்த்தம். கேட்காத சலசலப்பு புதிதாகக் கேட்டாலும் அதுதான். மலைநாட்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அறையின் குளிர் கூலரின் தேய்மானத்தை மறைத்துவிடும். கொழும்பில் ஆறு மாதம் முன்னாலேயே அணைந்திருக்கக்கூடிய இந்தக் கொம்பியூட்டர் இங்கே குளிரில் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது, அந்த இடைவெளியில்தான் மூட்டு கசிந்தது.

மதர்போட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு மெல்லிய தூரிகையால் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பொருத்தினேன், வேலை செய்கிறது. கிராபிக்ஸ் கார்டைக் காப்பாற்ற முடியவில்லை, இரண்டாங்கையாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அதுவும் பழைய பள்ளத்தில் இல்லை. அந்தப் பள்ளத்தின் முனைகளில் இரண்டு கறுத்துப்போயிருப்பதால் அதை மூடி ஒட்டி, கார்டை இரண்டாவது பள்ளத்தில் செருகியிருக்கிறேன். வீடியோ வேலைக்கு வேகத்தில் பெரிய இழப்பு தெரியவில்லை. மழைக்காலம் முடிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், கறுப்பு பக்கத்து முனைகளுக்குப் பரவியிருந்தால் மதர்போட்டையும் மாற்ற வேண்டி வரும்.